எலியாஸுக்காக உட்கார்ந்திருத்தல்

நான் எழுந்தால் அவரைக் கொண்டுபோய்விடுவார்கள், அதனால் உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கு என் வேலை இவ்வளவுதான். பதவியின் பெயர்தான் பெரிது: சர்வதேசத் தூதுக்குழுவின் சட்டத்தின் ஆட்சி மற்றும் மனித உரிமைகள் பிரிவுத் தலைவர். விசிட்டிங் கார்டில் ஒரு வரியில் அடங்காமல் அடுத்த வரிக்கு வழியும். நாகர்கோவிலில் என் தம்பி இதை "அக்கா ஃபாரின்ல ஜட்ஜு மாதிரி" என்று சுருக்கிவிடுகிறான். திருத்திப் பார்த்து அலுத்துவிட்டேன். அந்த ஜட்ஜு மாதிரி இப்போது ஒரு காவல் நிலையத்து வராந்தாவில், கால் ஒன்று குட்டையான பிளாஸ்டிக் நாற்காலியில், ஆடாமல் இருப்பதற்காகத் தொடையை இறுக்கிக்கொண்டு, ஏடு படிந்த டீயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. டின் பாலில் போட்ட டீ. தித்திப்பு பல்லில் ஒட்டி, நாக்கின் அடியில் சளி மாதிரி தங்குகிறது. குடிக்காவிட்டால் நிலையப் பொறுப்பாளர் கமாண்டர் ஓபேன் வருத்தப்படுவார், குடித்தால் இன்னொன்று அனுப்புவார். அருவருப்பு என்பது உடம்பின் உணர்ச்சியா, அறத்தின் உணர்ச்சியா என்று தத்துவக்காரர்கள் ரொம்ப நாளாக அடித்துக்கொள்கிறார்கள். இந்த டீயை ஆளுக்கொரு கிளாஸ் கொடுத்திருந்தால் விவாதம் அன்றே முடிந்திருக்கும். இரண்டும்தான் ஐயா. பின்னால் எங்கோ, இந்தச் சுவருக்கு அப்பால், எலியாஸ் இருக்கிறார். ஆரம்பப் பள்ளி வாத்தியார். மத்தியானம் நான் கேட்டதும் அவரை வராந்தாவுக்குக் கூட்டிவந்து காட்டினார்கள், கடையில் துணியை விரித்துக் காட்டுகிற மாதிரி. முகத்தில் அடி இல்லை. நடையில் இருந்தது. நாளைக் காலை கோர்ட் திறந்ததும் அவரைத் தன் முன் நிறுத்தும்படி மாவட்ட நீதிபதியிடம் உத்தரவு வாங்கிவிட்டேன். போனில், கெஞ்சி, கொஞ்சம் மிரட்டி. நீதிபதி முன் நின்றுவிட்டால் பிழைத்தார், அதற்குப் பிறகு அவர் ஊரறிந்த கைதி. அதற்கு முன்னால் ஓர் இரவு இருக்கிறது. அந்த இரவுக்குள் அவரை மலை மேல் இருக்கும் ராணுவ முகாமுக்குக் கொண்டுபோனால் முடிந்தது, முகாமுக்குப் போனவர்கள் யாரும் இதுவரை கோர்ட்டுக்கு வந்ததில்லை.

பள்ளிக்கூடத்து மரவள்ளித் தோட்டத்தில் ராணுவம் பிணங்களைப் புதைத்த இடத்தை அவர்தான் எங்கள் ஆட்களுக்குச் சொன்னார். மிகவும் ரகசியமாகச் சொன்னார். எங்கள் ஆட்கள் ரகசியத்தைக் காப்பாற்றத் தெரிந்தவர்கள். அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள். ஆகவே அவர் வீட்டு வாசலில் வெள்ளை நிற ஜீப்பை, மேலே கொடியும் கம்பு மாதிரி ஏரியலும் ஆட, ஏசிக்காக எஞ்சினை அணைக்காமல் மத்தியானம் முழுக்க நிறுத்திவைத்தார்கள். வேடிக்கை பார்த்த தெருப்பிள்ளைகளுக்கு, சாட்சிகளின் ரகசியம் காக்கப்படும் என்று அச்சடித்த வண்ணத்தாளைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். இப்படியொரு தப்பைச் செய்யப் படிக்காதவனால் முடியாது. அதற்கு மூன்று மொழியும் ஒரு முனைவர் பட்டமும் வேண்டும். அப்புறம் ஒரு பயிற்சி முகாம் நடத்தினோம், எலியாஸும் வந்தார், எல்லாருக்கும் நீல பனியன் கொடுத்தோம், நெஞ்சில் "என் உரிமைகள் எனக்குத் தெரியும்". பிடித்தபோது அதைத்தான் போட்டிருந்தாராம். மத்தியானம் வெறும் உடம்போடு வந்தார். பனியன் இப்போது கேட்டருகே நிற்கிற காவலன் மேல் இருக்கிறது, அவனுக்குத் தொப்பையில் பிடிக்கிறது, எழுத்துகள் அகன்று கிடக்கின்றன. நான் அதைப் பார்க்காத மாதிரி இருக்கிறேன். அவன் நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, மரியாதையாக, வேறுபக்கம் திரும்பிக்கொள்கிறான். இந்த மரியாதைதான் குமட்டுகிறது. உறுமினால் தேவலை, கெட்ட வார்த்தை சொன்னால் தேவலை. கமாண்டர் அறையில் நாற்காலிக்கு மேலே கண்ணாடி போட்டு ஒரு சான்றிதழ் மாட்டியிருக்கிறார்: காவலில் உள்ளோரை மனிதாபிமானத்துடன் நடத்துவது குறித்த சிறப்புப் பயிற்சியை ஓபேன் சிறப்பாக முடித்தார். கீழே கையெழுத்து என்னுடையது. வால் நீண்ட, கர்வம் பிடித்த கையெழுத்து. "உங்களைத் தினமும் பார்க்கிறேன், மதாம் தங்கா" என்றார் காலையில். தங்கபாய் என்று முழுசாகச் சொல்ல, பிரெஞ்சு பேசுகிற அவர் நாக்குக்கு வரவில்லை.

என்னிடம் இருக்கிற ஒரே அதிகாரம் உட்கார்ந்திருப்பது. துப்பாக்கி கிடையாது, சம்மன் கிடையாது, யாரையும் எழுந்து நிற்கச் சொல்லக்கூட முடியாது. ஆனால் பெயர் சொல்லிக் கேட்ட ஆளை வெளிநாட்டுக்காரர் கண் முன்னால் தூக்க மாட்டார்கள். அந்த அளவுக்குக் கூச்சம் மிச்சம் இருக்கிறது, எங்கள் குழு கொடுக்கிற பெட்ரோலுக்கும் பயிற்சிக்கும் ஏற்ற அளவு கூச்சம். எங்கள் கையேடு இதற்குக் கம்பீரமான பெயர் வைத்திருக்கிறது, பிரசன்னத்தின் வழிப் பாதுகாப்பு. தமிழில் பிரசன்னம் என்றால் சாமியோ சோழியோதான் நினைவுக்கு வரும், நானோ டீக்கு முன்னால் வியர்வையில் பிரசன்னமாகியிருக்கிறேன். பழைய ரோமானியச் சட்டத்தில் சிறை என்பது ஆளை வைத்திருக்கத்தான், தண்டிப்பதற்கல்ல என்று ஒரு வாசகம் உண்டு. சட்டக் கல்லூரியில் அதைக் கேட்டுப் புல்லரித்தேன். வைத்திருப்பது என்றால் என்ன என்று அப்போது தோன்றவில்லை. ஊறுகாயை வைத்திருப்பது மாதிரியா, இரவு வரை வைத்திருப்பது மாதிரியா. வராந்தாவின் விளிம்பில் இன்ஸ்பெக்டர் சுடலைமுத்து குத்தவைத்து உட்கார்கிறார், எழுந்து போகிறார், வருகிறார். ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக்காரர், அயல்பணியில் எங்கள் குழுவுக்குக் காவல்துறை ஆலோசகராக வந்தவர். இந்த தேசத்தில் என்னோடு தமிழ் பேசுகிற ஒரே ஆள், என் வண்டியை ஓட்டுபவரும் அவர்தான். "டீயக் குடிச்சுத் தொலைங்க மேடம். ஆறிப்போச்சுன்னா அவன் மனசு சங்கடப்படும்." "நீங்க குடிங்களேன்." "எனக்குச் சுகர் மேடம். அதச் சொல்லித்தான் தப்பிச்சேன்." பிறகு குரலைத் தாழ்த்தாமலேயே, தமிழில் பேசும்போது தாழ்த்த என்ன அவசியம், "பின்னால ஆர்மி லாரி நிக்கி. தார்ப்பாயெல்லாம் கட்டி ரெடியா வச்சிருக்கான்வ. டிரைவரு ஸ்டியரிங்ல சாஞ்சு தூங்குதான்" என்கிறார். "நீங்க எப்பப் பார்த்தீங்க?" "ஒண்ணுக்குப் போனம்லா. அவசரமே படமாட்டான் பாத்துக்கிடுங்க. ஆறு மணிக்குள்ள நாம நம்ம கேம்புக்குள்ள இருக்கணும்னு அவனுக்குத் தெரியும். நம்மள கேட் வரைக்கும் வந்து டாட்டா காட்டி அனுப்பிட்டுத்தான் சோலியப் பாப்பான். நல்ல தொழில்காரன் மேடம்." நல்ல தொழில்காரன் என்று சொல்கையில் குரலில் ஒரு பிரியம் வருகிறது, வேறு ஊர்ச் சமையலைச் சாப்பிட்டுவிட்டு உப்பு புளி சரி என்கிற மாதிரி. "நீங்க யாரு கட்சி, சுடலை?" "ஒங்க கட்சிதான் மேடம். ஆனா தொழில்னு ஒண்ணு இருக்குல்லா." சிரிக்கிறார். நானும் சிரித்துவிடுகிறேன். சிரித்த வாயைத் துடைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

வண்டிக்குள் ரேடியோ கரகரக்கிறது. மணிக்கொரு தரம் கூப்பிட்டு எங்கே இருக்கிறீர்கள், எப்போது கிளம்புவீர்கள் என்று கேட்பார்கள், சுடலை போய்ப் பதில் சொல்வார். திறந்த அலைவரிசை. எங்கள் பாதுகாப்புக்காக நாங்கள் சொல்கிற ஒவ்வொரு வார்த்தையும் அடுத்த நொடி கமாண்டர் அறையில் இருக்கிற பெட்டியில் கேட்கிறது. சுடலையின் குரல் வண்டியிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் இரண்டு தடவை வருவதை நானே கேட்டேன். "அஞ்சுக்குக் கிளம்புகிறோம்" என்று அவர் ஆங்கிலத்தில் சொல்ல, ஜன்னலுக்குள் யாரோ நாற்காலியைச் சாய்த்து வசதியாக உட்கார்கிற சத்தம். வாட்சைப் பார்க்கிறேன். கொஞ்ச நேரமாகவே அடிக்கடி பார்க்கிறேன். முதலில் பயத்தில் பார்க்கிறேன் என்றுதான் நினைத்தேன், நேரம் போகிறதே, இன்னும் வழி தெரியவில்லையே என்று. ஆனால் இப்போது பார்த்துவிட்டுக் கையை மடியில் வைக்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. இளகினதைப் பிடித்துப் பார்க்கிறேன். அது பயம் இல்லை. பள்ளிக்கூடத்தில் கடைசி பீரியட் முடியப்போகும்போது வருமே, அது. ஐந்து ஆகட்டும் என்று காத்திருக்கிறேன். ஐந்து ஆனால் என் மேல் தப்பில்லை. விதி இருக்கிறது, ஊரடங்கு இருக்கிறது, பாதுகாப்பு அதிகாரியின் உத்தரவு இருக்கிறது, நான் என்ன செய்ய முடியும், கடைசி நிமிஷம் வரை உட்கார்ந்திருந்தேன். இந்த வாக்கியத்தை மனசு ஏற்கெனவே எழுதி, அறிக்கைக்கு ஏற்ற மாதிரி மடித்து வைத்திருக்கிறது. கேம்பில் வெந்நீர் வரும். அங்கே இரவு ரொட்டியும் பருப்பும். நாளைக்கு ஒரு கண்டனம் எழுதுவேன், நன்றாக எழுதுவேன், கண்டனம் எழுத எனக்கு நன்றாக வரும். எலியாஸ் மேல் எனக்கு லேசாக ஒரு கோபம்கூட இருக்கிறது. அவர் இல்லாவிட்டால் நான் இந்த நாற்காலியில் இருந்திருக்க மாட்டேன் என்பது மாதிரி. ஒரு மனுஷனின் உயிருக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு வெந்நீரை நினைக்கிற பிராணி எது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தால் குனிந்து உன் மடியைப் பார், தங்கபாய். சேலையைக் கட்டாமல் பேன்ட் போட்டிருக்கிறது, வாட்ச் கட்டியிருக்கிறது. டீயை ஒரே மடக்கில் குடித்துவிடுகிறேன், தண்டனை மாதிரி. ஏடு தொண்டையில் வழுக்கிப் போகிறது. கமாண்டர் ஜன்னலில் தலையை நீட்டி, மகிழ்ச்சியாக, இன்னொன்றா என்கிறார்.

விதி என்றால் எனக்கு விதி தெரியும். பாதுகாப்பு விதிகளைச் சாப்பாட்டு மேசையில் கேலி செய்வதற்காகவே மனப்பாடம் செய்தவள் நான். ஆறு மணிக்குப் பிறகு எந்த வண்டியும் சாலையில் இருக்கக்கூடாது. வழியில் வண்டி நின்றுபோனால் அதை விட்டுவிட்டு அருகிலுள்ள காவல் நிலையத்துக்குப் போய், அந்நாட்டு அரசின் பாதுகாப்பில் காலை வரை இருக்க வேண்டும். உள்ளூர்ப் படைகளின் வாகனத்தில் எக்காரணம் கொண்டும் ஏறக்கூடாது. அருகிலுள்ள காவல் நிலையம். இதை விட அருகில் ஒன்று எங்கே இருக்கப்போகிறது. டயரைக் கிழித்தால் கமாண்டரின் பையன்கள் கண்மூடித் திறப்பதற்குள் ஸ்டெப்னியை மாட்டிக் கொடுத்துவிடுவார்கள், உபகாரிகள். "சுடலை, வண்டிச் சாவியக் குடுங்க." "ஏசி போட்டு உக்காரப் போறியளா மேடம்?" "குடுங்க." கொடுத்தார். கழிப்பறை எங்கே என்று காவலனிடம் கேட்டேன். முற்றத்தின் மூலையில் தனியாக நிற்கிறது, எங்கள் நிதியில் கட்டியது, கதவில் எங்கள் சின்னம். உள்ளே ஈக்கள் பச்சையாக, கொழுத்து, என்னைக் கண்டு பறக்கக்கூட இல்லை. குழியின் ஆழம் சர்வதேசத் தரம். அந்தக் கோப்பு என் மேசை வழியாகப் போனது. மூச்சை அடக்கிக்கொண்டு சாவியைத் துவாரத்துக்கு மேலே பிடிக்கிறேன். குழுவின் சொத்தை அலட்சியத்தால் இழந்தது பற்றி விசாரணை வரும், பதவி உயர்வு போகும், அதுகூட இல்லை, கையை விடுகிற அந்த நொடியில் எனக்குக் கேம்புக்குப் போக ஆசையாக இருந்தது, குழந்தை மாதிரி ஆசையாக இருந்தது. ஐந்து ஒப்பந்தங்களும் ஒரு பிரகடனமும் மேலே எங்கோ பளபளவென்று இருக்க, கடைசியில் சட்டத்தின் ஆட்சி இந்த ஓட்டையில் வந்து நிற்கிறது. விட்டேன். சத்தம் உடனே வரவில்லை. வந்தபோது நான் எதிர்பார்த்ததை விட மெதுவாக, கெட்டியாக வந்தது. வாந்தி எடுத்தேன். டீ.

கமாண்டர் முழுசாகக் கேட்டார், தலையை ஒரு பக்கம் சாய்த்து. "நழுவிவிட்டதா." "நழுவிவிட்டது." "எவ்வளவு துரதிருஷ்டம்." பனியன் போட்ட காவலன் டார்ச் அடித்துக் குழிக்குள் பார்த்துவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினான். கமாண்டர் தன் ஜீப்பில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார், விதியைச் சொன்னேன். தன் வீட்டில் தங்கலாம், மனைவி சந்தோஷப்படுவாள் என்றார், நிலையத்தில்தான் இருக்க வேண்டும் என்று விதி இருப்பதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் கண்ணில் மெல்ல ஒன்று விளங்கிவருவதைப் பார்த்தேன். கோபம் இல்லை, சதுரங்கத்தில் எதிராளி குதிரையை நகர்த்தியதைப் பார்க்கிற பார்வை. சுடலை ரேடியோவில் விஷயத்தைச் சொன்னார். மாற்றுச் சாவி தலைமையகத்தில் இருக்கிறது, காலையில்தான் வண்டி வரும், அங்கேயே இருங்கள், நிலையப் பொறுப்பாளர் உங்கள் பாதுகாப்புக்கு உத்தரவாதம் தருகிறாரா என்று கேட்டது பெட்டி. கமாண்டர் வந்து மைக்கை வாங்கி, தருகிறேன் என்றார். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மேடம்" என்று சுடலை மூக்கைச் சுளித்துக்கொண்டு கிசுகிசுத்தார், இப்போது மட்டும் ஏனோ தமிழையும் தாழ்த்தி, "நெசமாவே உள்ள போட்டுட்டியளா?" "போட்டேன்." "ஒங்கள எங்க ஸ்டேஷனுக்கு விட்டா நாங்க தொழில விட்டுட்டு ஆடு மேய்க்கப் போகணும்." இதை நான் பாராட்டாக எடுத்துக்கொள்கிறேன். வெட்கமில்லாமல் சந்தோஷப்படுகிறேன்.

சூரியன் போகிறது. கைதி அறைக்கு எதிரே, நடைவழியில், ஒரு பெஞ்சு போட்டுக் கொடுத்திருக்கிறார் கமாண்டர். எலியாஸ் உங்கள் கண்ணிலேயே இருப்பார் மதாம், என்ன திருப்திதானே என்றார். திருப்திதான். கம்பிக்குப் பின்னால் எலியாஸ். அவர் மட்டும் இல்லை, இன்னொருவனும் இருக்கிறான், இப்போதுதான் பார்க்கிறேன். சுவரோரம் ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறான், வயதை ஊகிக்க முடியவில்லை, மலைப்பக்கத்து ஆளின் தாடை. இவன் எதற்காக உள்ளே இருக்கிறான், மாடு திருடினானா, யாரையாவது வெட்டினானா, ஒன்றுமே செய்யவில்லையா. எலியாஸ் அவனிடம் மலைமொழியில் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லித் தண்ணீர்க் குவளையை நீட்டுகிறார். ஓர் இரவை ஒன்றாகக் கழித்தவர்கள் பேசுகிற குரல். அவன் குடித்துவிட்டு மறுபடி படுக்கிறான். நான் பெஞ்சில் சாய்கிறேன், ஆடாத பெஞ்சு. இன்றைக்கு முதல் தடவையாகத் தொடை தளர்கிறது. இந்தக் கதையை நாகர்கோவிலில் எப்படிச் சொல்வேன் என்று ஒத்திகை ஓடுகிறது, கழிப்பறைப் பகுதியைத் தம்பி மனைவி முன்னால் சொல்லலாமா, கமாண்டரின் முகத்தை எப்படி நடிப்பது. எலியாஸ் என்னைப் பார்த்து ஒருமுறை தலையை அசைக்கிறார். ஒரு மனுஷன் காப்பாற்றப்பட்டான் என்கிற வாக்கியத்துக்குத்தான் என்ன ருசி, டின் பால் மாதிரியே பல்லில் ஒட்டுகிறது.

பின்னால் லாரியின் எஞ்சின் உறுமி, இருமி, ஓட ஆரம்பிக்கிறது. வெறுமனே திரும்பப்போகிறது என்று நினைக்கிறேன். இரண்டு காவலர்கள் நடைக்குள் வருகிறார்கள், பின்னால் கமாண்டர், எனக்கு மாலை வணக்கம் சொல்கிறார். கம்பிக் கதவு திறக்கிறது. எலியாஸ் பின்சுவரோடு ஒட்டிக்கொள்கிறார். அவரை யாரும் தொடவில்லை. சுவரோரம் கிடந்தவனை அக்குளில் கைகொடுத்துத் தூக்குகிறார்கள். பஸ்ஸில் தூங்கினவனை இறங்கும் ஊரில் எழுப்பின மாதிரி அவன் விழிக்கிறான். நான் எழுந்துவிட்டேன். "இவரை எங்கே கொண்டுபோகிறீர்கள்?" "முகாமுக்கு, மதாம். ஒருவர் வருகிறார் என்று காலையிலேயே சொல்லிவிட்டேன். லாரி காலியாகப் போனால் மேலே என்னிடம் கேட்பார்கள்." "கூடாது. அனுமதிக்க முடியாது." யாருடைய அனுமதி, என்ன முடியாது. "நீங்கள் எலியாஸைக் கேட்டீர்கள். எலியாஸ் இருக்கிறார், கண் எதிரில். இவரையும் கேட்கிறீர்களா? தாராளமாக. பெயரைச் சொல்லுங்கள், உங்கள் முன்னாலேயே நீதிபதிக்குப் போன் போடுகிறேன்." அதில் கிண்டல் இருந்திருந்தால் பிடித்துக்கொண்டிருப்பேன். இல்லை. உண்மையாகவே கேட்கிறார், பெயர் இல்லாத ஆளுக்காகப் போன் போட முடியாது என்று பயிற்சியில் நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம். அந்த மனிதனைப் பார்த்து உன் பெயர் என்ன என்று பிரெஞ்சில் கேட்கிறேன். அவனுக்குப் பிரெஞ்சு தெரியவில்லை. என் வாயைப் பார்க்கிறான், அதிலிருந்து தனக்கு ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கிறான். "மேடம்" என்கிறார் சுடலை பின்னாலிருந்து, குனிந்த குரலில், ஆறுதல் மாதிரி, "நாம அவர மட்டுந்தானே கேட்டு வந்தோம்."

எலியாஸின் பக்கம் திரும்புகிறேன். "இவர் பெயர் என்ன?" எலியாஸ் என்னைப் பார்க்கிறார். நடையின் கடைசியில் திறந்திருக்கிற கதவைப் பார்க்கிறார், அதற்கு அப்பால் தார்ப்பாயின் ஓரம் தெரிகிறது. ஒருவர் போயாக வேண்டும் என்பது எனக்கு முன்பே அவருக்குப் புரிந்திருக்கிறது. "தெரியாது, மதாம்" என்கிறார். பள்ளி வாத்தியாரின் குரல், தெளிவாக, திக்காமல். பொய் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். முதல் கேள்வியில் எந்தச் சாட்சியும் உண்மை சொல்ல மாட்டான், இரண்டாவது கேள்விக்குத்தான் வக்கீலுக்குக் கூலி என்று ஜூனியர்களிடம் எத்தனை தடவை அளந்திருக்கிறேன். இரண்டாவது கேள்வி என் நாக்கின் நுனியில், இனிப்பாக, இருக்கிறது. கேட்டால் சொல்லிவிடுவார், நல்ல மனுஷர். கேட்டால் கமாண்டர் போன் போடுவார், மரியாதை தெரிந்தவர். அப்புறம் லாரி நிற்கும், காலியாகப் போக முடியாமல், அவனையும் எலியாஸையும் என்னையும் பார்த்துக்கொண்டு நிற்கும். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மனிதனின் பாதங்கள் சிமென்டில் உரசிக்கொண்டு போவது கேட்கிறது, பிறகு லாரியின் பின்பலகையைச் சாத்துகிற சத்தம். கமாண்டர் இரவு வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார். எலியாஸ் தரைக்கு இறங்கி, என்னைப் பார்க்காமல், அவன் விட்டுப்போன சாக்கைக் காலால் இழுத்து எடுத்துத் தன் மேல் போர்த்திக்கொள்கிறார். அது இன்னும் சூடாறியிருக்காது.